முதல் நோயாளி சேர்வதற்கு முன்

மருத்துவ பீடம் ஒன்றில் புள்ளியியல் கற்பிக்கிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதால் என் மேசைக்கு நோயாளிகள் வருவதில்லை. அவர்களைப் பற்றிய எண்கள் வருகின்றன. முதுநிலை மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டுக்காகச் சேகரித்த தகவல்களைப் பென் டிரைவில் போட்டு எடுத்துவருவார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கெடு நெருங்க நெருங்க அறைக்கு வெளியே நாற்காலிகள் நிரம்பிவிடும். வருபவர்களுள் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "மேடம், டேட்டா எல்லாம் ரெடி, பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுத்துவிடுங்கள்."

உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று சொல்லும் எண்தான் பி மதிப்பு. அதைக் கணிப்பது கணினிக்கு ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்காக என்னைத் தேடி வரவேண்டியதே இல்லை. என்னால் உண்மையிலேயே உதவ முடிந்திருக்கக்கூடிய காலம் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, ஆய்வுத் திட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே கடந்துபோயிருக்கும். நவீனப் புள்ளியியலை உருவாக்கியவர்களுள் ஒருவரான ரொனால்டு ஃபிஷர், 1938-இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில் இதையே குறிப்பிட்டார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கலந்தாலோசிப்பது பிணப் பரிசோதனை செய்யச் சொல்வதற்கு ஒப்பானது. சோதனை எதனால் இறந்தது என்பதை வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்பது ஃபிஷரின் கருத்து. மருத்துவ பீடத்தில் இருப்பவர்களுக்குப் பிணப் பரிசோதனையைப் பற்றி யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனாலும் இந்த அறிவுரை மட்டும் ஏனோ அங்கே எடுபடுவதே இல்லை.

ஓர் ஆய்வின் தலையெழுத்து, முதல் நோயாளி அதில் சேர்வதற்கு முன்பே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது என்பதே இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் ஒரே கருத்து. அந்த எழுத்து எங்கெங்கே எழுதப்படுகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் கேள்வி. மாணவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் தலைப்பாகவே இருக்கிறது. "நீரிழிவு நோயாளிகளில் வைட்டமின் டி" என்று எழுதிய ஒரு தாளை நீட்டுவார்கள். புறநோயாளிப் பிரிவுக்கு வரும் நூறு நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்தால், அந்தப் பிரிவுக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு அது குறைவு என்பது தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. நீரிழிவு இல்லாத நூறு பேரையும் சேர்த்து அளந்தால் ஒப்பிட ஒரு குழு கிடைக்கும் என்றாலும் சிக்கல் தீராது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதும், அவர்களுக்கே நீரிழிவு அதிகம் வருவதும் நெடுநாளாக அறியப்பட்டவை. ஆகவே இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றால் மற்றொன்று வந்தது என்றாகிவிடாது. நோயால் வெளியே நடமாடுவது குறைந்தவருக்கு வெயில் படுவதும் குறையும் என்பது இன்னொரு வழி. இந்தத் தொடர்பை எத்தனையோ ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டிய பிறகு, வைட்டமின் டி கொடுத்தால் நீரிழிவு தள்ளிப்போகுமா என்ற உண்மையான கேள்வியை அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு எடுத்துக்கொண்டது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 4,000 அலகு வைட்டமின் டி, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்து ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2019-இல் முடிவு வெளியானபோது, வைட்டமின் டி பெற்ற குழுவில் 293 பேருக்கும் மற்றக் குழுவில் 323 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. தற்செயலென்று ஒதுக்கிவிடக்கூடிய அளவே அந்த வேறுபாடு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அத்தனை பேரும் அத்தனை காலமும் வேண்டியிருந்தன என்பதை, நூறு பேரின் இரத்தத்தை எடுக்கப்போகும் மாணவர் திட்டம் எழுதும்போதே அறிந்திருக்க வேண்டும். அறிந்த பிறகு அவர் தம் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கமான கேள்வி ஒன்றும் இழிவானதில்லை.

எதை அளக்கப்போகிறோம் என்பதும் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுத்துச்சொல்வது, மாரடைப்புக்குப் பின் வரும் இதயத் துடிப்புக் கோளாறுகளை அடக்கும் மருந்துகளைச் சோதித்த ஆய்வு. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் யாருக்குத் துடிப்பு அடிக்கடி தவறுகிறதோ அவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம். என்கைனைடு, ஃப்ளிகைனைடு என்ற மருந்துகள் அந்தத் தவறிய துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆகவே அவை உயிரையும் காக்கும் என்று நம்பி மருத்துவர்கள் எழுதிக்கொடுத்துவந்தார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிக்கப்போன ஆய்வில், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். சராசரியாகப் பத்தே மாதங்களில் இந்த வேறுபாடு. 1991-இல் முழு முடிவு அச்சேறியது. ஈசிஜி தாளை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் அந்த மருந்துகள் வெற்றி பெற்றவை என்றே இன்றும் எண்ணிக்கொண்டிருப்போம். இதைக் கேட்ட மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அடுத்த வாரமே, வலி குறைந்ததா என்று நோயாளியைக் கேட்பதற்குப் பதிலாக இரத்தத்தில் ஏதோ ஒரு புரதத்தை அளக்கும் திட்டத்தோடு அவர்களில் ஒருவர் வருவார். புரதத்தை அளப்பது எளிது, எண்ணாகக் கிடைக்கும், நோயாளி மறுபடி வரவேண்டியதும் இல்லை. இந்த வசதிகளை நானும் மறுக்கவில்லை.

அடுத்தது எண்ணிக்கை. இந்த உரையாடல் என் அறையில் ஏறக்குறைய மாறாத வடிவில் நடக்கும்.

"எத்தனை நோயாளிகள் வேண்டும், மேடம்?"

"எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நினைக்கிறீர்கள்?"

"வேறுபாடு எவ்வளவு என்று தெரியாததால்தானே ஆய்வே செய்கிறோம்?"

"எவ்வளவு குறைந்தால் உங்கள் வார்டில் பழைய முறையைக் கைவிடுவீர்கள்? அதைச் சொல்லுங்கள்."

"சீனியர் அறுபது பேர் எடுத்தார்."

அந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், அவருடைய சீனியரும் அறுபது எடுத்திருப்பார். அது தவறு என்று சொல்வதைவிட, கணக்கைப் போட்டுக் காட்டுவதே பலன் தருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் புண்ணில் தொற்று ஏற்படுவது நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். புதிய கிருமிநாசினி அதை 10 ஆக, அதாவது சரிபாதியாகக் குறைக்கிறது. உண்மையிலேயே இருக்கும் இந்த வேறுபாட்டை ஐந்தில் நான்கு முறையேனும் கண்டுகொள்ளக்கூடிய ஆய்வு வேண்டுமென்றால் ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 200 பேர் தேவை. 20-ஐ 15 ஆக மட்டும் குறைக்கும் மருந்தென்றால் ஒவ்வொரு குழுவுக்கும் 900 பேர் வேண்டும். குழுவுக்கு 30 பேரை வைத்துக்கொண்டு போனால், தொற்றைச் சரிபாதியாகக் குறைக்கும் மருந்தைக்கூட அந்த ஆய்வு ஐந்தில் ஒரு முறை கண்டுகொண்டால் அதிகம். மற்ற நான்கு முறையும் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் "இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்ற வாக்கியம் இடம்பெறும். நல்ல மருந்து ஒன்று அந்த வாக்கியத்தோடு அலமாரிக்குப் போய்விடும்.

அந்த ஐந்தில் ஒரு முறை வெற்றி கிட்டினால் நிலைமை இன்னும் மோசம். பழைய முறையில் 30 பேரில் 6 பேருக்குத் தொற்று வந்தது என்றால், புதிய முறையில் ஒருவருக்கு வந்தால்கூட, ஃபிஷரின் பெயரிலேயே வழங்கும் துல்லியச் சோதனைப்படி பி மதிப்பு, வெற்றி என்று கொள்வதற்கு வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே இறங்காது. ஒருவருக்குமே வராதிருந்தால்தான் 0.024 என்று வரும். அதாவது, தொற்றைப் பாதியாகக் குறைக்கும் மருந்து, அதை அறவே ஒழிக்கும் மருந்தாகத் தோன்றினால் மட்டுமே அந்த ஆய்வு வெற்றி என்று அறிவிக்கும். சிறிய ஆய்வுகளில் அற்புதம்போல் தோன்றிய மருந்துகள் பெரிய ஆய்வுகளில் சுருங்கிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். யாரும் ஏமாற்றவேண்டும் என்ற அவசியமே இல்லை.

பக்கவிளைவுகளைப் பற்றியும் இதே கணக்கு உண்டு. மருந்து பெற்ற 30 பேரில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நிகழ்வு 30 பேரில் ஒருவருக்கும் நேரவில்லை என்றால், அது உண்மையில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நேரக்கூடியதாக இருக்கலாம் என்பதை அந்தத் தகவல் மறுக்கவில்லை. மூன்றைப் பேர் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல்வரம்பு கிடைக்கும். மனத்திலேயே போடக்கூடிய இந்தக் கணக்கை மருந்து விற்பனைப் பிரதிநிதிகளிடமும் போட்டுக் காட்டலாம்.

இனி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று பிரிப்பது. ஒற்றைப்படை நாளில் வருபவருக்குப் புதிய மருந்து, இரட்டைப்படை நாளில் வருபவருக்குப் பழையது என்று பிரித்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அடுத்து வருபவருக்கு எது என்பது சேர்க்கும் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் அதிலுள்ள ஓட்டை. மிகவும் நலிந்த நோயாளி ஒருவர் வந்து நிற்கும்போது, "இவரை நாளைக்கு வரச்சொல்லிப் புதிய மருந்தில் சேர்த்துவிடலாமே" என்று நினைக்கும் மருத்துவர் கெட்டவர் இல்லை. நோயாளியின்மேல் அக்கறை உள்ளவர். அந்த அக்கறையாலேயே குழுக்கள் இரண்டும் சமமில்லாமல் போய்விடும்.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்துப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1948-இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஓட்டையை அடைத்த விதத்துக்காகவே இன்றும் பாடமாக இருக்கிறது. போருக்குப் பிந்தைய அந்த நாட்களில் எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு மருந்து அங்கே கைவசம் இல்லை. ஆகவே சிலருக்குக் கொடுக்காமலிருப்பது தவிர்க்க முடியாததாகவே இருந்தது. அதை முறையாகச் செய்யப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வழிவகுத்தார். நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று முடிவான பிறகே முத்திரையிட்ட உறை பிரிக்கப்படும். அவருக்கு ஊசி மருந்தும் படுக்கை ஓய்வுமா, ஓய்வு மட்டுமா என்பது சீரற்ற எண்களின்படி, அதாவது குலுக்கல்போல, அந்த உறைக்குள் எழுதியிருக்கும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியாது. இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குக் கூடுதல் செலவு ஏதும் கிடையாது; படத்தின் மூலையில் உள்ள பெயரை மறைத்துவிட்டு வேறு துறையிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்தால் போதும். அப்படியிருந்தும் நான் பார்க்கும் ஆய்வேடுகளில் சிகிச்சை அளித்தவரே முன்னேற்றத்தையும் மதிப்பிட்டிருப்பார்.

அதே காசநோயில், பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த இன்னோர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில் 193 நோயாளிகளைச் சீரற்ற முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. 1959-இல் வெளியான முடிவின்படி இரு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தன. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து படுத்திருக்க வேண்டும் என்று உலகமே நம்பிய ஒரு வழக்கத்தை அந்த ஒப்பீடு அசைத்துவிட்டது. புதிய மருந்து எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. சிகிச்சையை எங்கே வைத்துக் கொடுப்பது என்ற கேள்வியைத்தான் அது சரியாகக் கேட்டது. மருத்துவ பீடங்களில் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன்.

குலுக்கலைப் பற்றிப் பேசும்போது ஒப்புதல் படிவத்தை விட்டுவிட முடியாது. ஆய்வு நெறிமுறைக் குழு ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை பரிசீலனைக்கு வந்த படிவத்தில், "நீங்கள் இரு குழுக்களில் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்" என்று இருந்தது. குழுவில் மருத்துவத் துறையைச் சாராத உறுப்பினர் ஒருவர், "சேர்ப்பது யார்?" என்று கேட்டார். மருத்துவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. நீண்ட பேச்சுக்குப் பிறகு அந்த வரியை, "இந்த இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது, ஆகவே உங்களுக்கு எது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யமாட்டார், குலுக்கல்தான் முடிவு செய்யும்" என்று மாற்றச் சொன்னோம். ஆய்வாளர் முகம் சுருங்கிவிட்டது. "எங்களுக்கே தெரியாது என்று எழுதினால் யார் சேருவார்கள்?" என்றார். தெரியுமென்றால் ஆய்வு எதற்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருக்கே அது உறைத்திருக்கும். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிஃபிலிஸ்) இருந்த ஏறக்குறைய 400 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும், பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பின்பும் அதைக் கொடுக்காமலும் பார்த்துக்கொண்டே இருந்தார்களே, அந்த நிகழ்வுக்குப் பிறகு இந்த விஷயத்தில் ஆய்வாளர்களின் நல்ல எண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது முடிந்துபோன விவாதம். என்னுடைய கவலை அதைவிடச் சிறியது. பதில் சொல்லவே இயலாத அளவுக்கு ஆட்கள் குறைந்த ஆய்வில் ஒருவரைச் சேர்த்து ஊசி குத்துவதும் நெறிமுறை சார்ந்த குறைதான். ஆனால் நெறிமுறைக் குழுவில் இதைச் சொன்னால், "அது புள்ளியியல் விஷயம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இத்தனையும் கடந்து தகவல்கள் என் மேசைக்கு வரும்போது எப்படி இருக்கும் என்பதையும் பார்க்கலாம். எக்செல் கோப்பைத் திறக்கிறோம். இரத்த அழுத்தம் ஒரே கட்டத்தில் 140/90 என்று இருக்கிறது; கணினி அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. வயது சில வரிகளில் 45, சில வரிகளில் "45 வருடம்". சிறுநீரகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்யாதவர்களுக்குச் சிலவிடத்தில் கட்டம் காலி, சிலவிடத்தில் 99, சிலவிடத்தில் 0. அந்தப் பூஜ்யங்களும் சராசரியில் சேர்ந்துவிட்டால் சிறுநீரகங்கள் எல்லாம் அபாரமாக வேலை செய்வதாகக் கணக்கு வரும். ஏழெட்டு வரிகள் மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால், "அவர்கள் இறந்துவிட்டார்கள், மேடம்" என்கிறார் மாணவர். இறப்பைக் குறிக்க ஒரு நிரல், அதாவது தனி நெடுவரிசை, கிடையாது. நிறம்தான் இருக்கிறது, நிறத்தைக் கணக்கில் எடுக்கப் புள்ளியியல் மென்பொருளுக்குத் தெரியாது. எக்செல்லின் திருவிளையாடல் மாணவர்களோடு முடிவதில்லை. மார்ச்1, செப்ட்2 என்பன போன்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மரபணுப் பெயரிடும் குழுவே அந்தப் பெயர்களை மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனித மரபணுவுக்கு வேறு பெயர் வைப்பது எளிதாக இருந்திருக்கிறது.

அலங்கோலமான கோப்பை ஒரு வாரம் உட்கார்ந்து சீர்செய்துவிடலாம். வராமல் போன நோயாளிகளைச் சீர்செய்ய முடியாது. நூறு பேரோடு தொடங்கிய ஆய்வில் ஆறாம் மாதம் 62 பேர் வந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள் என்று வையுங்கள். மற்ற 38 பேர் எங்கே? குணமாகிவிட்டது, இனி எதற்கு என்று வராதவர்களும் அவர்களில் இருக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் வேறு மருத்துவரிடம் போனவர்களும் இறந்தவர்களும் இருக்கலாம். வந்தவர்களை மட்டும் வைத்து எழுதும் முடிவு, வந்தவர்களைப் பற்றிய முடிவாக மட்டுமே இருக்கும். இரண்டு தொலைபேசி எண்களை முதல் நாளிலேயே வாங்கி வைத்திருந்தால் இதில் பாதி தீர்ந்திருக்கும்; அந்தக் கட்டமும் படிவத்தை வடிவமைக்கும்போதே இருந்திருக்க வேண்டிய ஒன்று.

பகுப்பாய்வைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முதன்மைக் கேள்விக்குப் பதில் "வேறுபாடு இல்லை" என்று வந்தவுடன், ஆண்களில் மட்டும் பாருங்கள், ஐம்பது வயதுக்கு மேல் மட்டும் பாருங்கள் என்று தொடங்கிவிடுகிறார்கள். எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் செய்தால், அவற்றுள் ஒன்றேனும் 0.05-க்குக் கீழே வருவதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு உண்டு. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பதைப் பற்றி 17,187 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் இதை ஆய்வாளர்களே வேடிக்கையாகக் காட்டினார்கள். ஆஸ்பிரின் ஐந்து வாரங்களில் இதயநோய் முதலிய இரத்தநாள நோய்களால் நேரும் இறப்பை 23 விழுக்காடு குறைத்தது; ஆனால் நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மிதுனத்திலும் துலாமிலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்வதாகக் கணக்கு வந்தது. ராசிபலனை நம்புகிறவர்கள் நிறைந்த வகுப்பிலும் இந்த எடுத்துக்காட்டுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். ராசியின் இடத்தில் இரத்த வகையைப் போட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

"வேறுபாடு இல்லை" என்ற முடிவை ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதற்குக் காரணம் மாணவர்களிடம் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். ஆய்விதழ்கள் வெற்றிக் கதைகளை விரும்புகின்றன. மனச்சோர்வுக்கான மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, அவை அச்சேறினவா என்று தேடிப் பார்த்த ஒரு கட்டுரை 2008-இல் வந்தது. மருந்து பலன் தந்ததாக அந்த அமைப்பு கருதிய ஆய்வுகள் 38; அவற்றுள் 37 வெளியாகியிருந்தன. பலன் இல்லை அல்லது ஐயத்துக்குரியது என்று கருதியவை 36. அவற்றுள் 22 வெளிவரவே இல்லை, 11 பலன் இருந்ததுபோல் எழுதப்பட்டு வெளிவந்தன, 3 மட்டுமே உள்ளபடி வெளிவந்தன. ஆய்விதழ்களை மட்டும் படித்து மருந்தெழுதிய மருத்துவர் எந்த உலகத்தில் இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நோயாளி சேரும் முன்பே ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும் என்று முன்னணி ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் 2005 முதல் வற்புறுத்திவருவது இதற்காகத்தான். மாணவர்கள் அதை இன்னொரு படிவமாகவே பார்க்கிறார்கள் என்றாலும், முதன்மைக் கேள்வி எது என்பதை ஆய்வு முடிந்தபின் யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்ள முடியாதபடி அது செய்துவிடுகிறது. எனக்கு அதுவே போதும்.

இதற்கு மேல், மூன்றாண்டுப் படிப்பில் இரவுப் பணிகளுக்கு இடையே, தனி ஒரு மாணவர் என்னதான் செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே அறுபது பேரைச் சேர்ப்பதைவிட, ஒரு துறையே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நான்கைந்து ஆண்டு மாணவர்கள் தொடர்ந்து அதில் நோயாளிகளைச் சேர்ப்பது நல்லது என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். 2020-இல் கொரோனாவின்போது பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு, பற்பல மருத்துவமனைகள் ஒரே எளிய திட்டத்தைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. மார்ச்சில் தொடங்கிய அந்த ஆய்வு, மலிவான பழைய மருந்தான டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பதை ஜூன் மாதமே உலகுக்குச் சொல்லிவிட்டது. நம் வார்டுகளில் அந்த வேகம் வேண்டாம். அந்த ஒற்றுமை வந்தால் போதும்.

கூட்டு ஆய்வுக்கு எதிராக என்னிடம் சொல்லப்படும் வாதம் எப்போதும் ஒன்றே: தேர்வு விதிகளின்படி ஆய்வேடு மாணவரின் சொந்த உழைப்பாக இருக்கவேண்டும். இப்போது ஒரு துறையினர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய புண் தொற்றைப் பற்றிய பொதுப் படிவம் ஒன்றை எல்லா ஆண்டு மாணவர்களும் நிரப்புகிறார்கள்; அதிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கேள்வியை, தகவல் சேரும் முன்பே எழுதிக் கையொப்பமிட்டுத் துறையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்தப் பொதுப் படிவத்தின் வரைவு சென்ற மாதம் என் மேசைக்கு வந்தது, ஒரு நோயாளிகூடச் சேர்க்கப்படாத நிலையில். இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களுக்கும் (சுருக்கழுத்தம், விரிவழுத்தம்) தனித்தனிக் கட்டங்கள் இருந்தன, இறப்புக்கு ஒரு நிரல் இருந்தது, தொலைபேசி எண்ணுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. தொற்று என்று எதைச் சொல்வது, அதை யார் பார்த்து முடிவு செய்வது என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை அறுவை சிகிச்சை செய்தவரே முடிவு செய்யலாமா என்பதில் துறைத்தலைவருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு செவிலியர் மேற்பார்வையாளரையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.